அவர் மருமகளாகவே இருக்கட்டும், அம்மா

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 63. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

இவருடைய ஒரே மகனின் மனைவி 10 மாதங்களுக்கு முன்பு புற்றுநோயில் இறந்துபோனார். அவருக்கு 34 வயது. 6 வயதில் ஒரு பெண் குழந்தை. கல்யாணமாகி 9 ஆண்டுகள். அதில் முதல் இரண்டு ஆண்டுகள் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவே இல்லை. ஜன்னலைத் திறந்து வைப்பதா சாத்துவதா என்பதில்கூடத் தினமும் உரசல். "எந்த நாளில் மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. அவள் இரண்டு நாள் வீட்டில் இல்லாதபோது, எனக்குப் பேச ஆளே இல்லை என்று தெரிந்தது" என்று எழுதியிருக்கிறார். நோயின்போது மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டதும் இவர்தான்.

இப்போது வீட்டில் யாரும் யாரோடும் மனம்விட்டுப் பேசுவதில்லை. மகன் மனைவியின் துணிமணிகளைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போகிறார், வருகிறார், அழுவதில்லை. மருமகள் இறந்து நான்கு மாதம் ஆனபோது, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் "வெளியேறினார்" என்று வந்தது. மகன்தான் அவரை எடுத்துவிட்டார் என்று நினைத்து, அன்றிலிருந்து ஆறு மாதமாக இவர் மகனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மருமகளின் தாயிடம் ஒரு நாள், "பெற்ற உங்களைவிட எனக்குத்தான் இழப்பு அதிகம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அந்த அம்மா அதன் பிறகு வருவதில்லை. உறவினர்களோ, "மருமகளுக்காக ஒரு மாமியார் இவ்வளவு அழுவாளா" என்கிறார்கள். மகனுக்கு மறுமணம் பற்றியும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் இரண்டு மாதத்தில் முதல் ஆண்டு நினைவு நாள். அதைப் பெரிதாக நடத்த வேண்டும், ஹாலில் பெரிய படம் மாட்ட வேண்டும் என்பது இவருடைய ஆசை. மகன் வேண்டாம் என்கிறார். "நான் அதிகமாகத் துக்கப்படுகிறேனா? அவளை எப்படி நினைவில் வைத்திருப்பது?" என்பது கேள்வி.

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மாத்திரை டப்பாவைப் பற்றி எழுதியிருக்கும் இடத்துக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போனேன். ஏழு அறை கொண்ட டப்பா. ஒவ்வொரு மூடியிலும் உங்கள் மருமகள் பேனாவால் எழுதிய கிழமை. தினமும் கட்டைவிரல் பட்டுப் பட்டு 'புதன்' பாதி அழிந்துவிட்டது என்று கவனித்த அன்று, மீதியும் அழிந்துவிடுமோ என்று பயந்து டப்பாவை அலமாரிக்குள் வைத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து மாத்திரையை அட்டையிலிருந்தே எடுத்துப் போடுகிறீர்கள்; "சில நாள் மறந்துபோகிறது."

முதலில் மாத்திரை

மற்றதெல்லாம் அப்புறம். நீங்கள் விட்டுவிடுவது ரத்த அழுத்த மாத்திரை. கடிதத்தின் கடைசியில், ஏதோ சில்லறை விஷயம் போல, "அவ்வப்போது நெஞ்சை அழுத்துகிறது, துக்கம்தான் காரணமாக இருக்கும்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் மனநல ஆலோசகர், மருத்துவர் அல்ல. ஆனால் இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியாது. துக்கம்தான் காரணம் என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. அப்படியே துக்கம்தான் என்றாலும் அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும் துயரத்திலோ அதிர்ச்சியிலோ இதயத் தசை தற்காலிகமாகப் பலவீனமாகும் நிலை ஒன்று உண்டு. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் அதை முதலில் விவரித்தார்கள். பாதிக்கப்பட்ட இதயம் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் வடிவில் தெரிந்ததால் 'டகோட்சுபோ' என்று பெயர் வைத்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அது அதிகம் வருகிறது. பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள். ஆனால் அதுவா மாரடைப்பா என்பது பரிசோதனை செய்யாமல் யாருக்கும் தெரியாது. இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். அழுத்தம் விடாமல் இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

டப்பாவுக்கு வருகிறேன். அந்த எழுத்தை வெளிச்சத்தில் வைத்து நெருக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூடிகளின் மேல் ஒளி ஊடுருவும் டேப்பை ஒட்டிவிட்டால் இனி எழுத்து அழியாது. அதற்கும் மனம் வராவிட்டால் அதை அப்படியே பத்திரமாக வைத்துவிட்டு, இன்னொரு டப்பா வாங்கி, இந்த முறை பேத்தியைக் கிழமைகளை எழுதச் சொல்லுங்கள். நீங்கள் மாத்திரையை மறக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பெண் அதை எழுதிக் கொடுத்தார்.

மருமகளுக்காக இவ்வளவு அழலாமா?

அழலாம். உங்களிடம் கேள்வி கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்குப் பழகிய கதை வேறு. 'மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்' என்று நம் பழமொழிகூட இந்த உறவின் சண்டையைத்தான் பேசுகிறது. யார் யாருக்காக, எவ்வளவு காலம் துக்கப்படலாம் என்று ஊர் மனதுக்குள் ஒரு வரிசை வைத்திருக்கிறது. கணவன், குழந்தை, பெற்றவர்கள், உடன்பிறந்தவர்கள். மாமியார் அந்த வரிசையின் கடைசியில், ஆறுதல் சொல்லும் இடத்தில் நிற்கிறார்; ஆறுதல் பெறும் இடத்தில் அல்ல. இப்படி ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989-லேயே விரிவாக எழுதியிருக்கிறார். இந்தத் துக்கம் மற்றதைவிடச் சின்னது கிடையாது. வெளியே காட்ட இடம் இல்லாததால் கூடுதலாகக் கனக்கிறது, அவ்வளவுதான்.

'துக்கத்துக்கு ஐந்து படிகள், நீங்கள் இன்னும் முதல் படியிலேயே நிற்கிறீர்கள்' என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர் 1969-இல் அந்த ஐந்தை எழுதியது, சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடம் பேசிப் பார்த்து. இழந்தவர்கள் ஒவ்வொன்றாக ஏறித் தீர வேண்டிய படிக்கட்டு அல்ல அது. யாரும் உங்களுக்கு மதிப்பெண் போட முடியாது.

ஆனால் ஓர் இடத்தில் உங்களோடு நான் உடன்படவில்லை. கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்பிச் சொல்கிறேன். "அவள் மருமகள் இல்லை, மகள்" என்று கடிதத்தில் நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கேட்பவர்களின் வாயை அடைக்க அப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று புரிகிறது. மகள் என்றால் அழ அனுமதி கிடைத்துவிடும். ஆனால் அவரை மகளாக மாற்றினால்தான் உங்கள் துக்கம் செல்லும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மகளின் பாசம் பிறக்கும்போதே கூட வருவது. இவர் 25 வயதில், முன்பின் தெரியாதவராக உங்கள் வீட்டுக்குள் வந்தார். இரண்டு பேரும் சண்டை போட்டு, சலித்து, ஜன்னலைச் சாத்தி, திறந்து, ஒருவரை ஒருவர் மெல்லத் தெரிந்துகொண்டீர்கள். அந்த உறவு நீங்கள் இருவரும் சேர்ந்து கட்டியது. அதை மருமகள் என்றே சொல்லுங்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு குறையும் இல்லை.

இதில் சம்பந்தியம்மாவும் இருக்கிறார், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் 'மகள்' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், பெற்றவருக்கு மிச்சமிருக்கும் ஒரே இடத்தில் நீங்களும் போய் உட்காருவது போல அவருக்கு இருக்கலாம். யாருக்கு இழப்பு அதிகம் என்று நிறுக்க எந்தத் தராசும் கிடையாது. நீங்கள் அறிந்தது கடைசி 9 ஆண்டுகள். அதற்கு முந்தைய 25 ஆண்டுகளும் அந்த அம்மாவிடம் மட்டும்தான் இருக்கின்றன. போய்ப் பாருங்கள். "அன்றைக்கு நான் சொன்னது தப்பு" என்று ஒரே வரி போதும், விளக்கம் வேண்டாம். அப்புறம், "உங்கள் மகள் சின்ன வயதில் எப்படி இருப்பாள்? எனக்குச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

உங்கள் மகன் அவரை நீக்கவில்லை

இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள். உங்கள் மருமகளின் போனை அவர் இறந்த அன்றே அணைத்து, மேசை இழுப்பறையில் வைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இணையத்தோடு தொடர்பே இல்லாமல் 120 நாள் ஆகிவிட்டால், அந்தக் கணக்கை வாட்ஸ்அப் நிறுவனமே பொதுவாக நீக்கிவிடும். கணக்கு போனால் குழுக்களிலிருந்தும் பெயர் போய்விடும். 120 நாள் என்பது நான்கு மாதம். நீங்கள் சொல்லும் கணக்கும் அதுவேதான். யாராவது கையால் நீக்கியிருந்தால், இன்னார் இன்னாரை நீக்கினார் என்று வந்திருக்கும். ஒருவர் வெளியேறினால் அது குழுவின் அட்மின்களுக்கு மட்டும்தான் காட்டப்படும். குழுவை ஆரம்பித்தது உங்கள் மருமகள், உங்களையும் அட்மின் ஆக்கி வைத்திருந்தார், அதனால் அந்த வரி உங்கள் கண்ணில் பட்டது. உங்கள் மகனுக்கு அது தெரியாமலேகூட இருக்கலாம். தெரிந்திருந்தால், அவரும் அதைத் தனியாகப் பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருப்பார்.

அவர் அழுவதில்லை, அதனால் மறந்துவிட்டார் என்கிறீர்கள். நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் சொன்ன ஒரு விளக்கம் இங்கே உதவும். துக்கத்தில் இருப்பவர் இரண்டு பக்கம் மாறி மாறிப் போய்வருகிறார். ஒரு பக்கம் இழப்பு: அழுவது, ஏங்குவது, படங்களைப் பார்ப்பது. மறுபக்கம் வாழ்க்கை: வேலை, குழந்தையின் பள்ளி, கட்ட வேண்டிய கட்டணங்கள். ஒரே பக்கம் தங்கிவிடாமல் இரண்டுக்கும் இடையே போய்வர முடிவதுதான் ஆளைத் தேற்றுகிறது. நீங்கள் பெரும்பாலும் முதல் பக்கத்தில் இருக்கிறீர்கள், உங்கள் மகன் இரண்டாவதில். ஒருவர் மற்றவருடைய பங்கையும் சேர்த்துச் சுமக்கிறீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் பெட்டியை மூடினார், தூக்கிப் போடவில்லை. இதைக் கவனித்தீர்களா?

போன் சம்பந்தமாக இன்னும் இரண்டு விஷயம். தினமும் இரவு அவருடைய எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்புவதாகச் சொல்கிறீர்கள். பேசுவதில் தவறே இல்லை. இறந்தவரோடு உள்ள உறவை அறுத்தால்தான் தேற முடியும் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1990-களில் அந்த எண்ணம் மாறிவிட்டது, உறவு வேறு வடிவில் தொடர்வது இயல்புதான் என்று இப்போது ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. ஆனால் பயன்படுத்தாத எண் ஒருநாள் வேறொருவருக்குப் போகும். உங்கள் மனதில் இருப்பதை முன்பின் தெரியாத ஒருவர் படிக்க வேண்டாம். அதே வார்த்தைகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்தது, அவர் உங்களுக்கு அனுப்பிய குரல் பதிவுகள் உங்கள் போனில் மட்டும்தான் இருக்கின்றன. போன் பழுதானால் போயிற்று. விவரம் தெரிந்த ஒருவரிடம் சொல்லி இரண்டு இடங்களில் நகல் எடுத்து வையுங்கள். இழுப்பறையில் இருக்கும் அவருடைய போனை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம். அது கணவன் மனைவிக்கு இடையிலானது, திறப்பதா வேண்டாமா என்பதை உங்கள் மகன் முடிவு செய்யட்டும்.

பேத்தியிடம்

'அம்மா தூங்குகிறாள்' என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். இப்போது குழந்தை ராத்திரி தூங்க அடம் பிடிக்கிறாள், நீங்கள் கண் அயர்ந்தால் தட்டி எழுப்புகிறாள் என்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான், அம்மா. தூங்கப் போன அம்மா திரும்பி வரவில்லை என்றால், தூக்கம் பயப்பட வேண்டிய விஷயமாகிவிடுகிறது. இறந்தவர் திரும்ப வரமாட்டார், உடல் வேலை செய்வது அடியோடு நின்றுவிடும் என்பதை ஐந்து முதல் ஏழு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளால் புரிந்துகொள்ள முடியும். எளிமையாக, உண்மையைச் சொல்லுங்கள். "அம்மாவுக்கு ரொம்பப் பெரிய நோய் வந்தது. டாக்டர்கள் எவ்வளவோ பார்த்தார்கள். அம்மாவின் உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது. அம்மா இறந்துவிட்டாள், திரும்பி வர மாட்டாள். நீ எதுவும் செய்ததால் இது வரவில்லை." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். இந்த வயதில் குழந்தைகள் தங்களால்தான் இது நடந்தது என்று தனக்குள்ளேயே முடிவு செய்துகொள்வதுண்டு. முடிந்தால் உங்கள் மகன் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். கேட்டுவிட்டு ஐந்தாவது நிமிடமே அவள் விளையாடப் போய்விடுவாள். அதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். குழந்தைகள் துக்கத்துக்குள் குதித்துக் குதித்துத்தான் போய்வருவார்கள். பத்து வயதிலும், பதினைந்திலும் புதிதாகக் கேட்பாள். அப்போதும் பதில் சொல்ல ஆள் வேண்டும்.

"குழந்தையைப் பாத்துக்குங்க அத்தை" என்று மருமகள் கடைசியாகச் சொன்னதை நீங்கள் தாயாக இருக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அத்தை என்றுதான் அவர் கூப்பிட்டார், அம்மா. குழந்தைக்குப் பாட்டியாக இருங்கள். தகப்பனுக்கு அவருடைய இடத்தை விடுங்கள்.

நினைவு நாளும் அந்த ஜன்னலும்

ஹாலில் பெரிய படம் வேண்டாம் என்று உங்கள் மகன் சொல்வதை அவமரியாதையாக நினைக்காதீர்கள். வேலை முடிந்து கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த முகத்தை எதிர்கொள்ள அவருக்கு இன்னும் தெம்பு வரவில்லை. படத்தை உங்கள் அறையில் வையுங்கள், வேண்டும் என்பவர் வந்து பார்க்கட்டும். பெரிய கூட்டமும் இந்த ஆண்டு வேண்டாம் என்பதே என் கருத்து. கூட்டம் கூடினால் நீங்கள் வந்தவர்களைக் கவனித்துக்கொண்டிருப்பீர்கள், மறுமணப் பேச்சு எழும், உங்கள் மகன் எழுந்து வெளியே போய்விடுவார். நான்கு பேர் போதும்: நீங்கள், மகன், பேத்தி, சம்பந்தியம்மா. நாள் நெருங்க நெருங்கத் தூக்கம் கெடும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். அது இயல்பு, முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயம் இருக்காது.

அன்றைக்குக் குழந்தைக்காக ஒரு பெட்டி தொடங்குங்கள். அவருடைய மூக்குக் கண்ணாடிக் கூடு, கையெழுத்து உள்ள ஒரு தாள், குரல் பதிவுகளின் நகல். கூடவே அந்த நோட்டும். அதில் நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்று நினைக்காதீர்கள். "இறந்தவளைப் பற்றிக் குறை பேசினால் பாவம்" என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. ஆனால் குறையே இல்லாத ஒரு அம்மாவை அந்தக் குழந்தையால் தொட முடியாது. தன் கோபம் யாரிடமிருந்து வந்தது, பிடிவாதம் யாரைப் போல என்று வளரும்போது அவள் தேடுவாள். முதல் வருடம் ஜன்னலுக்காகப் போட்ட சண்டையை எழுதுங்கள். நீங்கள் சாத்துவீர்கள், அவர் ஒன்றும் சொல்லாமல் வந்து திறப்பார். ஒருமுறை கைகூடச் சிக்கிக்கொண்டது என்றும், அதற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்கவே இல்லை என்றும் என்னிடம் எழுதியிருக்கிறீர்கள். அதையும் எழுதுங்கள். இப்போது காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்த ஜன்னலை நீங்களே திறந்து வைப்பதையும் எழுதுங்கள். முதல் இரண்டு வருடத்துக்காக உங்களைத் தண்டித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவரிடம் அந்த இரண்டு வருடத்துக்குப் பிறகு இன்னும் ஏழு வருடம் இருந்தது. உங்களை மன்னிக்காதவர் உங்கள் மாத்திரை டப்பாவில் கிழமை எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்.

மறுமணம் பற்றி: உறவினர்களிடம் "அவன் பேசும்போது பேசலாம்" என்று சொல்லி முடித்துவிடுங்கள். மகனிடம் கல்யாணம் செய்துகொள்ளாதே என்று வாக்குறுதி வாங்காதீர்கள். செய்துகொள் என்றும் தள்ளாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதியது: "சில ராத்திரி, விடியவே வேண்டாம் என்று தோன்றுகிறது." ஆழ்ந்த துக்கத்தில் இப்படித் தோன்றுவது உண்டு. ஆனால் அது 'விடிய வேண்டாம்' என்பதிலிருந்து 'நானே முடித்துக்கொள்கிறேன்' என்ற பக்கம் நகர்ந்தால், அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே மகனிடமோ மருத்துவரிடமோ சொல்லிவிட வேண்டும். துக்கம் எப்போது சிகிச்சை தேடும் அளவுக்குப் போகிறது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. ஏக்கம் நாள் முழுவதும் விடாமல் இருப்பது, வாழ்வதில் அர்த்தமே இல்லை என்று தோன்றுவது, அன்றாட வேலைகள் நடக்காமல் போவது. 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், இது 6 மாதத்துக்கு மேல் நீடித்தால் கவனிக்கச் சொல்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. உங்களுக்கு 10 மாதம் ஆகிறது. பேத்தியைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புகிறீர்கள், இவ்வளவு தெளிவாகக் கடிதம் எழுதுகிறீர்கள். எனவே நோய் என்று நான் முத்திரை குத்தவில்லை. இருந்தாலும் ஒரு மனநல நிபுணரை நேரில் பார்த்துவிடுங்கள். கடிதத்தை வைத்து நான் சொல்லக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு.

இதையெல்லாம் ஒரே நாளில் செய்ய முடியாது. மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பேகூடச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இன்று இரவு மகன் வந்து உட்கார்ந்ததும், "அந்தக் குழுவில் அவள் பெயர் போனதற்கு நீதான் காரணம் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது தானாகவே போனதாம். இன்றைக்குத்தான் தெரிந்தது" என்று சொல்லுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.